பிளேட் ரெசிஸ்டருக்குப் பதில் சிசிஎஸ்: ஒரு பக்கம் 145 வோல்ட், மறுபக்கம் 162 வோல்ட்

கோவை_வால்வு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் செய்த லைன் ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கும் பெருக்கி) ஒன்று நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரஷ்யாவின் 6என்8எஸ் வால்வு, அதாவது நமது 6எஸ்என்7. ஒரே குமிழ், ஆளுக்கொரு பாதி என்று இரண்டு சேனல்கள். ஹெச்டி, அதாவது உயர் மின்னழுத்த சப்ளை, 300 வோல்ட். வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டில் 47 கிலோஓம், எலக்ட்ரான் புறப்படும் முனையான கேத்தோடில் 1.5 கிலோஓம், அதன் குறுக்கே 220 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெபாசிட்டர். பிளேட் இரண்டு பக்கமும் 150 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மின்னோட்டம் 3 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். இரவில் ஒலிபெருக்கியில் காதை வைத்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் மெலிதாகக் கேட்கும். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

படித்ததை எல்லாம் நம்பி, பிளேட் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு நிலை மின்னோட்ட மூலம், அதாவது மின்னோட்டத்தை மாறாமல் ஒரே அளவில் பிடித்து வைக்கும் சிசிஎஸ் வைத்தேன். டிஎன்2540 மாஸ்ஃபெட் (டிரெய்ன், சோர்ஸ், கேட் என்று மூன்று கால் உள்ள டிரான்சிஸ்டர்) இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கேஸ்கோடு முறையில் இணைத்தது. மின்னோட்டம் 8 மில்லிஆம்பியர். கேத்தோடில் ரெசிஸ்டரையும் பைபாஸையும் எடுத்துவிட்டுச் சிவப்பு எல்இடி இரண்டு தொடராக வைத்திருக்கிறேன், 3.4 வோல்ட் வருகிறது.

உறுமல் போய்விட்டது. ஆனால் இடது பிளேட் 145 வோல்ட், வலது பிளேட் 162 வோல்ட். வேறு குமிழைச் செருகினால் 151, 139 என்று மாறுகிறது. போதாததற்கு, வலது பிளேட்டில் மல்டிமீட்டர் முனையை வைத்தவுடன் எண் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் நிற்கிறது. சிசிஎஸ்ஸில் பழுதா, வால்வில் பழுதா? இவ்வளவு பாடுபட்டதற்குப் பயன் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

மர்ஃபிப்பெட்டி எழுதியது:

தம்பி, நன்றாக ஓடிய பெட்டியை ஏன் பிரித்தீர்கள்? உறுமல்தான் தொல்லை என்றால் ஹெச்டி வரும் வழியில் பக்கத்துக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டன்ஸ், ஒரு 47 மைக்ரோஃபாரட் கன்டென்சர் போட்டிருந்தால் போதும். 30 வோல்ட் குறையும், அவ்வளவுதான். வால்வு ப்ரீஆம்ப் என்று பெயர் வைத்துவிட்டு அதன் தலையில் நாலு மாஸ்ஃபெட்டை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

சுமைக்கோடு எழுதியது:

மர்ஃபி ஐயா சொன்ன வடிகட்டி சரியான வழிதான். 47 மைக்ரோஃபாரட்டின் மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 100 ஹெர்ட்ஸில் 34 ஓம். 10 கிலோஓமோடு சேரும்போது 49 டெசிபல் குறையும். உறுமலுக்காக மட்டும் சிசிஎஸ் வைப்பவர் வீண்செலவு செய்கிறார்.

இனி 145, 162 விவகாரம். கோவை நண்பரே, இரண்டிலும் பழுதில்லை. பழைய சுற்று மறைத்து வைத்திருந்ததைப் புதிய சுற்று வெளியே காட்டுகிறது.

பழைய சுற்றில் ஒரு பாதி கூடுதலாக மின்னோட்டம் இழுக்க முயன்றால் என்ன ஆகும்? கேத்தோடு ரெசிஸ்டரில் வோல்டேஜ் ஏறும், உள்ளீட்டு முனையான கிரிட் அதற்கேற்ப எதிர்ப்பக்கம் போகும், மின்னோட்டம் தானாக அடங்கும். பிளேட் ரெசிஸ்டரும் தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கும். வால்வின் இரு பாதிகளும் 30 சதவீதம் வேறுபட்டாலும் பிளேட்டில் உங்களுக்குத் தெரிவது ஐந்து வோல்ட் அளவுதான்.

சிசிஎஸ் வந்ததும் அந்தத் தானியங்கித் திருத்தம் செத்துவிடுகிறது. மின்னோட்டத்தை 8 மில்லிஆம்பியரில் பூட்டிவிட்டீர்கள். அப்புறம் கேத்தோடில் ரெசிஸ்டர் இருந்தாலும் எல்இடி இருந்தாலும் அங்கே வோல்டேஜ் அசையாது. கிரிட் அசைவதில்லை, மின்னோட்டம் அசைவதில்லை. அசையக்கூடியது பிளேட் வோல்டேஜ் ஒன்றுதான். வால்வுக்கு வால்வு உள்ள வேற்றுமை முழுவதும் அங்கே வந்து சேர்கிறது.

உங்கள் 17 வோல்ட் வித்தியாசத்தை மியூவால், அதாவது வால்வின் பெருக்கக் காரணியான 20ஆல் வகுங்கள்: கிரிட்டில் 0.85 வோல்ட்டுக்குச் சமம். 8 மில்லிஆம்பியரில் இந்த வால்வின் உள்தடை சுமார் 7 கிலோஓம். 17 வோல்ட்டை அந்த 7 கிலோஓமால் வகுத்தால் 2.4 மில்லிஆம்பியர். 8இல் 2.4 என்றால் 30 சதவீதம். பழைய 6எஸ்என்7 குடும்பத்தில் இது அன்றாடம் காண்பது. வால்வு வயதாக ஆக எண்கள் மேலும் நகரும்.

இதனால் கெடுதல் உண்டா? லைன் ப்ரீஆம்பில் இல்லை. வெளியீட்டில் இரண்டு மூன்று வோல்ட் ஆடப்போகிறது. பிளேட் 145இல் நின்றால் என்ன, 162இல் நின்றால் என்ன. அப்படியே விடுங்கள். இதே வேலையை 12ஏஎக்ஸ்7 வால்வில் செய்திருந்தால் கதை வேறு. அங்கே மியூ 100. கிரிட்டில் 0.3 வோல்ட் வேற்றுமை பிளேட்டில் 30 வோல்ட்டாக நிற்கும்.

கோவை_வால்வு எழுதியது:

இப்போது புரிகிறது. பைபாஸ் கெபாசிட்டரை எடுத்தது சரிதானா? சிசிஎஸ் இருந்தால் அது தேவையே இல்லை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

சுமைக்கோடு எழுதியது:

பாதி உண்மை. சிசிஎஸ் உண்மையிலேயே மின்னோட்டத்தை அசையவிடாமல் பிடித்தால் கேத்தோடு வழியாக ஒலிக்குறியீட்டு மின்னோட்டம் ஓடுவதில்லை. எனவே பைபாஸ் இல்லாவிட்டாலும் பெருக்கம் குறையாது. இதை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறார்கள். வெளியீட்டு மறிப்பு ஏறுவதை யாரும் சொல்வதில்லை. கேத்தோடு ரெசிஸ்டரை மியூவோடு ஒன்று கூட்டிப் பெருக்கி, வால்வின் உள்தடையோடு சேர்க்க வேண்டும். நீங்கள் 3.4 வோல்ட்டுக்கு 425 ஓம் வைத்துப் பைபாஸ் இல்லாமல் விட்டிருந்தால் 7 கிலோஓமோடு இன்னொரு 9 கிலோஓம் சேர்ந்து 16 ஆகியிருக்கும்.

நீங்கள் வைத்தது எல்இடி. இரண்டுக்கும் சேர்த்து மாறுதிசை மறிப்பு பத்து ஓம் என்றே வைத்தாலும் 21ஆல் பெருக்க 210 ஓம். கவலை இல்லை.

டொரான்டோ_60ஹெர்ட்ஸ் எழுதியது:

இவ்வளவு நேரம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். ப்ரீஆம்புக்கு அடுத்து என்ன இருக்கிறது? கம்பி எவ்வளவு நீளம்? வெளியே போகும் கெபாசிட்டர் என்ன மதிப்பு?

கோவை_வால்வு எழுதியது:

டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப். உள்ளீட்டு மறிப்பு 22 கிலோஓம். கம்பி 3 மீட்டர். கெபாசிட்டர் 0.22 மைக்ரோஃபாரட், 400 வோல்ட். பிளேட்டிலிருந்து நேராக எடுத்திருக்கிறேன்.

டொரான்டோ_60ஹெர்ட்ஸ் எழுதியது:

நினைத்தேன். அண்ணா, சிசிஎஸ் வைத்தால் சுமைக்கோடு (பிளேட் வோல்டேஜ் மாறும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) படுக்கைக்கோடாகிவிடும் என்று எல்லாரும் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் பவர் ஆம்ப் இருக்காது. ஒலிக்குறியீட்டின் பார்வையில் உங்கள் வால்வின் சுமை மெகாஓம் கணக்கில் இல்லை. அந்த 22 கிலோஓம்தான்.

கணக்குப் போடுங்கள். இப்போது பெருக்கம்: 20 பெருக்கல் 22 வகுத்தல் 29, அதாவது 15.2. பழைய 47 கிலோஓம் சுற்றை 100 கிலோஓம் உள்ளீடு உள்ள ஒரு வால்வு பவர் ஆம்போடு இணைத்திருந்தால்? 47உம் 100உம் இணையாகச் சேர்ந்து 32 கிலோஓம். 3 மில்லிஆம்பியரில் உள்தடை 10 கிலோஓம் என்று கொண்டால் 20 பெருக்கல் 32 வகுத்தல் 42, அதுவும் 15.2. நாலு மாஸ்ஃபெட், ஹீட்சிங்க், எல்இடி எல்லாம் சேர்த்து, ஏற்ற பவர் ஆம்பை இணைத்த ஒரு சாதாரண ரெசிஸ்டர் செய்கிற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் விடை உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கீழ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் சிறு ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். உங்களுடையது 250 ஓம் வாக்கில் இருக்க வேண்டும். வெளியீட்டுக் கெபாசிட்டரை அந்த ரெசிஸ்டரின் பிளேட் முனையிலிருந்து கழற்றி, சோர்ஸ் முனைக்கு மாற்றுங்கள். ஒரே ஒரு கம்பி. பவர் ஆம்ப் கேட்கும் மின்னோட்டத்தை இப்போது மாஸ்ஃபெட் கொடுக்கும். வால்வு அதை உணராது. பெருக்கம் 20ஐ நெருங்கும், வெளியீட்டு மறிப்பு 7 கிலோஓமிலிருந்து ஐந்நூறு அறுநூறு ஓமுக்கு இறங்கிவிடும். படுக்கைக்கோடு என்று சொன்னது அப்போதுதான் உண்மையாகும்.

சுமைக்கோடு எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். சூத்திரம் வேண்டுவோருக்கு: வால்வின் உள்தடையையும் அந்தச் சிறு ரெசிஸ்டரையும் கூட்டி, மாஸ்ஃபெட்டின் கடத்துதிறனை அதே ரெசிஸ்டரால் பெருக்கி ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். 8 மில்லிஆம்பியரில் கடத்துதிறன் வோல்ட்டுக்கு 40 மில்லிஆம்பியர் என்று கொண்டு 250 ஓமுக்குப் போட்டால் 7250 வகுத்தல் 11, சுமார் 660 ஓம். மாஸ்ஃபெட்டுக்கு மாஸ்ஃபெட் இது கொஞ்சம் மாறும்.

கூடவே கெபாசிட்டரையும் மாற்றியாக வேண்டும். இப்போது 0.22 மைக்ரோஃபாரட்டுக்கு எதிரே 7உம் 22உமாக 29 கிலோஓம் இருக்கிறது. தாழ்ந்த எல்லை 25 ஹெர்ட்ஸ். கம்பியை மாற்றினால் எதிரே இருப்பது 22 கிலோஓமும் சொச்சமும்தான். எல்லை 32 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கீழ்ச்சுருதி மெலிந்ததுபோல் தெரியும், பழி மாஸ்ஃபெட் மேல் விழும். ஒரு மைக்ரோஃபாரட் வையுங்கள், 7 ஹெர்ட்ஸ் வரை போகும். 400 வோல்ட்டுக்குக் குறையாதது. ஃபிலமென்ட் சூடேறும்வரை வால்வு மின்னோட்டம் எடுக்காது, முழு 300 வோல்ட்டும் அந்தக் கெபாசிட்டர் மேல்தான் நிற்கும். ரெசிஸ்டர் சுற்றிலும் இதுதான் நிலைமை என்றாலும் 250 வோல்ட் கெபாசிட்டர் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மர்ஃபிப்பெட்டி எழுதியது:

ஆகக் கடைசியில் பாட்டு முழுவதும் மாஸ்ஃபெட் வழியாகத்தான் வெளியே வருகிறது. இதற்கு ஒரு ஐசி ப்ரீஆம்ப் செய்துவிட்டுப் போயிருக்கலாமே! சிலிக்கான் வேண்டாம் என்பவர்களுக்கு வழியில்லையா? அந்தக் காலத்தில் ஒரு வால்வின் மேல் இன்னொரு வால்வை அடுக்கினோம். ஆங்காங்கே பிளேட்டில் சோக், அதாவது கம்பிச்சுருள் வைத்தோம். சோக்கில் ஹெச்டி வீணாகாது, வெப்பமும் இல்லை.

இன்னொன்று. அந்த இரண்டாம் ஹார்மோனிக்தான் வால்வின் இனிமை என்று நம்புகிறவன் நான். அதை ஒழிப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

சுமைக்கோடு எழுதியது:

ஐயா, இனிமை வேண்டுமென்றால் 47 கிலோஓமை வைத்துக்கொள்ளலாம், அதில் வாதமே இல்லை. அது ருசி. 6எஸ்என்7 இரண்டு வோல்ட் வெளியீட்டில் ரெசிஸ்டர் சுமையோடும் நேர்மையாகத்தான் நடந்துகொள்ளும். சிசிஎஸ் இல்லாவிட்டால் குடி முழுகிப்போகாது.

ஆனால் வால்வின் மேல் வால்வு அடுக்குவதில் ஒரு சிக்கல். மேல் வால்வின் கேத்தோடு 150 வோல்ட்டில் மிதக்கும், ஃபிலமென்ட் தரையில் இருக்கும். பழைய 6எஸ்என்7ஜிடி வகைக்கு ஃபிலமென்ட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 90 வோல்ட்தான் உச்சம். எனவே ஃபிலமென்ட் சுற்றைத் தூக்கி உயர்த்த வேண்டும். ஒரே குமிழில் கீழ்ப்பாதி, மேல்பாதி இரண்டையும் வைத்தால் யாரைத் திருப்திப்படுத்துவது? சோக் அருமையானது. நூறு ஹென்றிக்கு மேல் தரமாகச் சுற்றித் தருபவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மாஸ்ஃபெட்டின் பெரிய லாபம் வேறு. இந்த வால்வு 8 மில்லிஆம்பியரில் 3 மில்லிஆம்பியரைவிட நன்றாக வேலை செய்யும். 47 கிலோஓம் வழியாக 8 மில்லிஆம்பியர் அனுப்ப அதில் மட்டும் 376 வோல்ட் விழும். ஹெச்டி 526 வேண்டும். சிசிஎஸ் அதையே 150 வோல்ட்டுக்குள் முடித்துவிடுகிறது.

யாழ்_வானொலி எழுதியது:

வலது பிளேட்டில் மீட்டர் முனையை வைத்தால் எண் துள்ளுகிறது என்று தம்பி எழுதியதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அது அலைவு. மாஸ்ஃபெட் சில மெகாஹெர்ட்ஸில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் கம்பியின் மின்தேக்கம் சேர்ந்தவுடன் ஆட்டம் நிற்கிறது அல்லது மாறுகிறது, அதனால் எண்ணும் மாறுகிறது.

ஸ்கோப் இருந்தால் பிளேட்டில் பாருங்கள். கோடு மெல்லியதாக இல்லாமல் நாடாபோல் தடித்துத் தெரியும். ஸ்கோப் இல்லையென்றால் சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து மெதுவாக நிலையம் தேடுங்கள். ஓரிடத்தில் வானொலி திடீரென்று ஊமையாகும் அல்லது சீறும். ப்ரீஆம்பை நிறுத்தினால் அது மறைந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

கேட் கால்களில் என்ன ரெசிஸ்டர் வைத்திருக்கிறீர்கள்?

கோவை_வால்வு எழுதியது:

நான் பார்த்த படத்தில் கேட் ரெசிஸ்டர் எதுவும் இல்லை, நேரடி இணைப்பு. மேல் மாஸ்ஃபெட்டின் கேட் கம்பி ஹீட்சிங்கைச் சுற்றி வருவதால் ஒரு விரல் நீளம் இருக்கும்.

யாழ்_வானொலி எழுதியது:

அதேதான். இரண்டு கேட்டுக்கும் தனித்தனியாக 470 ஓம் அல்லது 1 கிலோஓம் வையுங்கள். 100 ஓமில் அடங்குகிற சுற்றும் உண்டு, ஆனால் கேட்டில் மின்னோட்டம் ஓடாது, மதிப்பைக் கூட்டுவதால் இழப்பில்லை. எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ரெசிஸ்டரின் ஒரு காலை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டி, மாஸ்ஃபெட்டின் கேட் கால் உடலிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். நீளக் கம்பி ரெசிஸ்டரின் மறுபக்கத்தில் இருந்துகொள்ளட்டும். போர்டின் மறுமூலையில் 1 கிலோஓம் வைத்துவிட்டு "போட்டேன், பயன் இல்லை" என்று எழுதுபவர்கள் அநேகம்.

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 12 வோல்ட் ஜெனர் ஒன்றும் போட்டுவிடுங்கள். 20 வோல்ட்டைத் தாண்டினால் கேட் போய்விடும். 300 வோல்ட் பெட்டிக்குள் 20 வோல்ட் எங்கிருந்தும் வரலாம்.

மேல் மாஸ்ஃபெட்டின் கேட் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கீழ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்குப் போக வேண்டும். சிறு ரெசிஸ்டரின் மறுமுனைக்கு, அதாவது பிளேட்டுக்குப் போயிருந்தால் கீழ் மாஸ்ஃபெட்டுக்கு வேலை செய்யவே வோல்டேஜ் மிஞ்சாது. மின்னோட்டம் ஓடும், ஆனால் கேஸ்கோடு பெயருக்குத்தான்.

நெறியாளர் எழுதியது:

இடையில் குறுக்கிடுகிறேன். டிஓ-220 உறையில் வரும் டிஎன்2540 மாஸ்ஃபெட்டின் உலோகத் தகடு டிரெய்னோடு இணைந்தது. மேல் மாஸ்ஃபெட்டில் அது முழு ஹெச்டி. மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் ஹீட்சிங்கில் முறுக்கினால் ஹீட்சிங்கே 300 வோல்ட்டில் இருக்கும். அணைத்த பிறகு வடிகட்டிக் கெபாசிட்டர்களை இறக்கி, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பின்னரே கை வையுங்கள். ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

டொரான்டோ_60ஹெர்ட்ஸ் எழுதியது:

ஹீட்சிங்க் பேச்சு வந்ததால்: கேஸ்கோடில் வெப்பம் பாதிப்பாதியாகப் பிரியாது. கீழ் மாஸ்ஃபெட்டில் இரண்டு வோல்ட்தான் நிற்கும். மேல் மாஸ்ஃபெட் ஏறத்தாழ 150 வோல்ட்டையும் தாங்கும். 8 மில்லிஆம்பியரில் 1.2 வாட். ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 அறை வெப்பத்துக்கு மேல் 75 டிகிரி ஏறிவிடும். கோவைக் கோடையில் மூடிய பெட்டிக்குள் அது கட்டாது. சிறிய டிஓ-92 உறையைக் கீழே வைக்கலாம், மேலே வைக்கக் கூடாது. ஓடும்போது மீட்டர் முனை நழுவிப் பிளேட் தரையோடு தொட்டுவிட்டால் மேலே இருப்பவர் 300 வோல்ட்டுக்கு 2.4 வாட் குடிக்க வேண்டிவரும்.

கோவை_வால்வு எழுதியது:

டிஓ-220தான், மைக்கா இருக்கிறது. இன்னொரு சந்தேகம். இந்த மாஸ்ஃபெட்டில் போலி அதிகம் என்கிறார்கள். கடையில் வாங்கிய மேலும் சில கையில் இருக்கின்றன. எப்படிச் சோதிப்பது?

சுமைக்கோடு எழுதியது:

இதற்கு நல்ல சோதனை உண்டு. டிஎன்2540 டிப்ளீஷன் வகை. கேட்டில் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் கடத்தும். நிறுத்தத்தான் எதிர் வோல்டேஜ் வேண்டும். சாதாரண மாஸ்ஃபெட் இதற்கு நேர்மாறு. எனவே கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து முறுக்கிவிட்டு, டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஓம் அளவையில் பாருங்கள். 25 ஓம் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். சிவப்பு முனை டிரெய்னில். திறந்த சுற்று என்று காட்டினால் பெயரை மட்டும் அச்சடித்த வேறு ஏதோ ஒன்று. டிஓ-92 உறையில் கால் வரிசை வேறு, தரவுத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் இந்த எண்ணைச் சொன்னால் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்வார்கள், மூன்றாம் முறை "அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது" என்பார்கள். அந்த இன்னொன்றை வாங்காதீர்கள்.

அடுத்து, சிசிஎஸ்ஸை வால்வில் ஏற்றும் முன் மேசையிலேயே ஓட்டிப் பாருங்கள். 30 வோல்ட் பவர் சப்ளை, தொடரில் மில்லிஆம்பியர் மீட்டர். சிறு ரெசிஸ்டருக்குப் பதிலாக 500 ஓம் பிரீசெட் வைத்து 8 மில்லிஆம்பியருக்குத் திருகுங்கள். சப்ளையை 10 வோல்ட்டிலிருந்து 30 வரை ஏற்றும்போது மீட்டர் அசையக் கூடாது. பிரீசெட்டைக் கழற்றி அளந்து அதே மதிப்பில் நிலையான ரெசிஸ்டர் வையுங்கள். டிஎன்2540 அணையும் வோல்டேஜ் 1.5 முதல் 3.5 வரை எங்கும் இருக்கலாம், ஆகவே இன்னொருவரின் 250 ஓம் உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

சந்தையில் ஐஎக்ஸ்சிபி10எம்45எஸ் என்று 450 வோல்ட் தாங்கும் மூன்றுகால் சில்லும் உண்டு. 10எம்90எஸ் என்பது 900 வோல்ட். நல்லவைதான். குறைந்த வோல்டேஜுக்கான எல்எம்317 ரெகுலேட்டர் சில்லைப் பிளேட்டில் வைக்கும் எண்ணம் வந்தால் தூங்கி எழுந்து மறுபடி யோசியுங்கள்.

தரவுத்தாள்களிலும் விளம்பரங்களிலும் நூறு மெகாஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மாஸ்ஃபெட்டுக்குள் பத்து பிகோஃபாரட் இருந்தாலே 20 கிலோஹெர்ட்ஸில் மறிப்பு 800 கிலோஓம்தான். நம் வேலைக்கு அது தாராளம்.

கோவை_வால்வு எழுதியது:

எல்லாம் செய்தேன். கேட்டில் 1 கிலோஓம் காலோடு ஒட்டி வைத்ததும் துள்ளல் நின்றது; வலது பிளேட் 162இலிருந்து 158க்கு வந்து அசையாமல் நிற்கிறது. கம்பியைச் சோர்ஸ் முனைக்கு மாற்றி, கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்கினேன். ஒலி நன்றாகத் திறந்துகொண்டதுபோல் இருக்கிறது. கீழ்ச்சுருதி உறுதியாக இருக்கிறது.

மர்ஃபிப்பெட்டி எழுதியது:

தம்பி, பெருக்கம் 15.2இலிருந்து 19.5க்கு ஏறியிருக்கிறது, இரண்டு டெசிபலுக்கு மேல். சத்தம் கூடினால் எந்தப் பெட்டியும் திறந்துகொண்டதுபோல்தான் இருக்கும். வால்யூமைக் குறைத்து, பவர் ஆம்ப் உள்ளீட்டில் வோல்டேஜ் அளந்து சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள்.

டொரான்டோ_60ஹெர்ட்ஸ் எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. இன்னொன்று: 2 வோல்ட் தரும் டிஜிட்டல் கருவிக்குப் பின்னால் 20 மடங்கு பெருக்கம் எதற்கு? வால்யூம் குமிழ் எப்போதும் எட்டு மணி இடத்திலேயே நிற்குமே. அடுத்த பெட்டியைக் கேத்தோடு ஃபாலோவராக, அதாவது வெளியீட்டைக் கேத்தோடிலிருந்து எடுக்கும் சுற்றாகச் செய்து, சிசிஎஸ்ஸைக் கேத்தோடுக்குக் கீழே வையுங்கள். அங்கே பிளேட் வோல்டேஜ் எங்கே நிற்கும் என்ற வம்பே இல்லை. இரு வால்வுகள் கேத்தோடைப் பகிரும் சமநிலைச் சுற்றில் கீழே சிசிஎஸ் வைத்தால் கிடைக்கும் பயனுக்கு ஈடு வேறெதுவும் இல்லை.

கோவை_வால்வு எழுதியது:

சமப்படுத்திக் கேட்டேன். கீழ்ச்சுருதி வித்தியாசம் இருக்கிறது, அது கெபாசிட்டரின் வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். மேல்சுருதியில் வித்தியாசம் இருக்கிறதா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உறுமல் அறவே இல்லை, 3 மீட்டர் கம்பியைப் பற்றிய கவலையும் இல்லை. இப்படியே வைத்துக்கொள்கிறேன்.

மர்ஃபிப்பெட்டி எழுதியது:

சரி, நானும் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். என்னிடம் பெங்களூர் பி.இ.எல். நிறுவனம் செய்த ஈசிசி83, அதாவது அதே 12ஏஎக்ஸ்7 வால்வு, கொஞ்சம் இருக்கிறது. இசைத்தட்டுக்கான முதல் கட்டத்தில் ஹெச்டி உறுமல் இன்னும் முழுதாகப் போகவில்லை. சிசிஎஸ் வைத்தால் 30 வோல்ட் அலையும் என்று சொல்லிவிட்டீர்கள். வேறு வழி?

சுமைக்கோடு எழுதியது:

சிரிக்க மாட்டேன் ஐயா, அதற்குத்தான் சோக்போல் நடந்துகொள்ளும் மாஸ்ஃபெட் சுற்றான ஜைரேட்டர் இருக்கிறது. ஒரே ஒரு டிஎன்2540 போதும். டிரெய்ன் ஹெச்டியில், சோர்ஸிலிருந்து 1 கிலோஓம் வழியாகப் பிளேட்டுக்கு. கேட்டை ஹெச்டிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு 10 மெகாஓம் பிரித்துக் கொடுக்கும் 150 வோல்ட்டில் கட்டுங்கள், 1 கிலோஓம் கேட் ரெசிஸ்டரோடு. பிரிப்பான் நடுவிலிருந்து பிளேட்டுக்கு 0.022 மைக்ரோஃபாரட், 400 வோல்ட். நேர்மின்சாரத்துக்குக் கேட் அசையாது, ஆகவே பிளேட் 150 வோல்ட்டை ஒட்டி நிற்கும், எந்த வால்வைச் செருகினாலும். ஒலிக்குறியீட்டுக்குக் கேட் பிளேட்டோடு சேர்ந்து ஆடும், ஆகவே 1 கிலோஓம் வழியாக மின்னோட்டம் மாறாது. எல்லை ஒன்றரை ஹெர்ட்ஸுக்குக் கீழே. கேத்தோடில் 1 கிலோஓம் வைத்தால் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர் பக்கம் தானாக அமையும். அந்தப் பழைய தானியங்கித் திருத்தம் திரும்ப வந்துவிடுகிறது.

வெளியீட்டைச் சோர்ஸிலிருந்து எடுங்கள். மறிப்பு சில கிலோஓம்தான் இருக்கும். ஆனால் இசைத்தட்டின் ஒலியைச் சமன்செய்யும் உங்கள் ஆர்ஐஏஏ வலையைப் பழைய வெளியீட்டு மறிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டிருப்பீர்கள், அதை மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் மேல்சுருதி தூக்கலாக இருக்கும்.

மர்ஃபிப்பெட்டி எழுதியது:

10 மெகாஓம் ரெசிஸ்டன்ஸ் கால் வாட் போதுமா?

சுமைக்கோடு எழுதியது:

வாட் கணக்கில் ஒன்றுமே இல்லை, 2 மில்லிவாட் சொச்சம். வோல்டேஜ் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் கேட் கெபாசிட்டர் நிறையும்வரை மேலே உள்ளதில் கூடுதல் வோல்டேஜ் விழக்கூடும். சந்தேகம் இருந்தால் 4.7 மெகாஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள்.

அளக்கும்போது மீட்டரைக் கேட்டில் வைக்காதீர்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்ளீடே 10 மெகாஓம். கீழ் ரெசிஸ்டரோடு இணையாகச் சேர்ந்து 5 ஆகிவிடும். 150க்குப் பதிலாக 100 காட்டும், பிளேட்டும் அதோடு சேர்ந்து 100க்கு இறங்கும். சுற்று கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல மாஸ்ஃபெட்டைக் கழற்றிப் போடுவீர்கள். பிளேட்டில் மட்டும் அளங்கள்.